அண்ணன் நிலவறைக்குக் கூரை போட்ட கதை

என் அண்ணன் ரோலண்ட் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை எங்கள் மாவட்டத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். குளிர்காலத்தில் யார் கார் சாலையோரப் பள்ளத்தில் சரிந்தாலும் சங்கிலி போட்டு இழுத்துவிடுவது அவன்தான். எங்கள் பாதிரியாரை ஒரே ஜனவரியில் எத்தனை தடவை இழுத்தான் என்று பாதிரியாருக்கே மறந்துவிட்டது. யாராவது நன்றி சொன்னால், "அட, நான் இந்தப் பக்கமாத்தானே போய்க்கிட்டிருந்தேன்" என்பான். அவனுடைய சொந்த வண்டி ஒருநாள் பள்ளத்தில் இறங்கியபோது மட்டும், யாருக்கும் சொல்லாமல் மண்வாரியை எடுத்து மதியம் வரை தோண்டிக்கொண்டிருந்தான். நிறுத்தி விசாரித்தவர்களிடமெல்லாம் சும்மா காற்று வாங்குவதாகச் சொல்லி அனுப்பிவிட்டான். மினசோட்டா குளிரில் காற்று வாங்கினானாம்! அப்படி ஒரு ஜென்மம்.

நான் அவன் தங்கை மார்லிஸ். என் புருஷன் டுவெய்னுக்கு ஜிப்சம் போர்டு வேலைதான் தொழில். மரச் சட்டத்தின் மேல் போர்டை வைத்துத் திருகி, இணைப்புகளில் நாடா ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாரென்றால், எங்கே ஒரு போர்டு முடிந்து எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பாதி வீடுகளின் சுவர் அவர் கைபட்டதுதான். ஆக, என் அண்ணன் வீட்டு நிலவறைக்குப் போர்டு அடிக்க வேண்டும் என்று வந்தபோது, உலகத்திலேயே சுலபமான காரியம் அது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

விஷயம் ஆரம்பித்தது போன நவம்பரில். அண்ணி லோயிஸ் இறந்த பிறகு அவன் தனியாகத்தான் இருக்கிறான். தபால்பெட்டியைப் பார்க்கப் போனவன் ஐஸில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தான். தபால் கொண்டுவரும் பெண் வந்துதான் தூக்கி நிறுத்தினாள். அவள் எனக்குச் சொன்னாள். நான் நேரே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"சட்டைப் பையில போன் இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

"மத்தியானம் ஆச்சே, சாப்பிடற நேரத்துல தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு பாத்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் மகள் அனிகாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அனிகா அவனுக்கு ஒரே பெண். மினியாபொலிஸில் இருக்கிறாள். தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்தவள், வான்கோழியை வெட்டுவதற்கு முன்பே அவனை வெட்டினாள்.

"அப்பா, ரெண்டுல ஒண்ணு. வீட்டை வித்துட்டு என் பக்கத்துல வந்துடுங்க. வயசானவங்களுக்குன்னே நல்ல குடியிருப்பு இருக்கு. இல்லைன்னா நான் இங்க வந்துடறேன். என் வேலை கம்ப்யூட்டர்லதான், எங்கேர்ந்து வேணா பாக்கலாம். ஆனா கதவைச் சாத்திக்கிட்டு உக்கார ஒரு ரூம் வேணும். இந்த வீட்ல அது எங்க இருக்கு?"

"பேஸ்மெண்ட் இருக்கே."

"அது ரூமாப்பா? வெறும் மரச் சட்டம் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குது. ஈஸ்டருக்கு வந்து பாக்கறேன். அப்ப முடிவு பண்ணிக்கலாம்."

ரோலண்ட் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூசணிக்காய் இனிப்பு இருந்த தட்டை அடுத்த ஆளிடம் தள்ளினான். அப்புறம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"சின்னதுல அனிகாவுக்குப் பச்சைக் கலர் பிடிக்குமே, இப்பவும் அப்படித்தானா மார்லிஸ்?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோப்பு ஊற்றினேன்.

ஆக அறை வேண்டும். யார் கட்டுவது? இங்கேதான் என் அண்ணனின் மூளை வேலை செய்த விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து ஆள் வைத்தால் டுவெய்னுக்கு அவமானம்; சொந்த மச்சான் இருக்கும்போது அந்நியனைக் கூப்பிட்டால் ஊர் என்ன நினைக்கும்? சரி, டுவெய்னையே வைக்கலாமே என்றால், டுவெய்ன் கூலி வாங்கமாட்டார். கூலி வாங்காவிட்டால் அது உதவி. உதவியை அவனாக வாய் திறந்து கேட்க முடியாது. டுவெய்னாக வந்து கேட்டால் சரி என்று சொல்லலாம். அதையும் எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. காப்பியோ, கேக்கோ, காரைத் தள்ளிவிடுவதோ, எதுவானாலும் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம்தான். மூன்றாவது தடவை கேட்டால், "உனக்குத் தொந்தரவு இல்லைன்னா" என்று இழுத்தபடி ஒத்துக்கொள்ளலாம். முதல் தடவையே சரி என்று சொன்னால் பறக்காவெட்டி என்று நினைத்துவிடுவார்கள். கேட்கிறவருக்கும் இது தெரியும். அதனால் மூன்று தடவை கேட்பது அவர் கடமை.

டுவெய்ன் கிறிஸ்துமஸ் விருந்தில் ஒரு தடவை கேட்டார். "சே சே, உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றான் ரோலண்ட். ஜனவரியில் சர்ச் வாசலில் இருவரும் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மறுபடி கேட்டார். "வேண்டாம்ப்பா, நானே பாத்துக்கறேன்" என்றான் இவன். இரண்டு ஆயிற்று. டுவெய்ன் மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தீயணைப்பு சைரன் ஊதியது. எங்கள் ஊரில் தீயணைக்க ஊர்க்காரர்கள்தான் போகவேண்டும், அதில் டுவெய்னும் ஒருவர். சுரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போனார். எரிந்தது யாரோ ஒருத்தருடைய கோழிக்கூண்டு.

அதோடு போச்சு. வாயைத் திறந்ததே கேட்ட மாதிரிதான் என்று இவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். வார்த்தை வெளியே வரவில்லையே என்று அவன் அங்கே காத்திருந்தான். நான் டுவெய்னிடம் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன்.

"போய் இன்னொரு தடவை கேளேன், வாய் தேஞ்சா போயிடும்?"

"நாலாவது தடவை கேட்டா, அவனால முடியாதுன்னு நான் சொல்ற மாதிரி ஆயிடும் மார்லிஸ். அது மரியாதையா?"

பிப்ரவரியில் ரோலண்ட் கடைக்குப் போய்ப் போர்டு வாங்கிவந்தான். நீளமான போர்டாக இருந்தால் இணைப்பு குறையும் என்று கடையில் யாரோ சொன்னார்களாம். பன்னிரண்டடிப் போர்டாக வாங்கிவிட்டான். நிலவறைக்கு இறங்கும் படி பாதியில் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் பன்னிரண்டடி எப்படித் திரும்பும்? முட்டிப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான், படிச்சுவரில் ஒரு ஓட்டை போட்டான். கடைசியில் எல்லாப் போர்டையும் வெளியே பனியில் கிடத்தி இரண்டிரண்டாக அறுத்தான். இணைப்பு குறையவேண்டும் என்று ஆரம்பித்தவனுக்கு இணைப்பு அதிகமானதுதான் மிச்சம்.

பட்டி வாளியை இரவில் காரிலேயே விட்டுவிட்டதால் அது உறைந்து, இளகியபோது பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாக ஆகியிருந்தது. பாழாக்க மனசு வரவில்லை, அதையே பூசினான். காய்ந்ததும் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தான். வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் நிலவறையில்தான் இருக்கிறது; அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அது அத்தனை தூசியையும் உறிஞ்சி வீடு முழுக்க ஊதிவிட்டது. நான் கேக் கொண்டுபோனபோது சோபா வெள்ளை, நாற்காலி வெள்ளை, அண்ணி படம் வெள்ளை, அண்ணன் புருவம் வெள்ளை. காப்பியில் வேறு மாவு மிதந்தது.

"எப்படி இருக்கு சுவர்?" என்று கேட்டான்.

டுவெய்ன் செய்வதுபோல விளக்கைச் சுவரோரமாகப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். காற்றடிக்கிற நாளில் எங்கள் ஏரி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஸ்க்ரூ சில இடத்தில் உள்ளே புதைந்து ஓட்டையாகவும், சில இடத்தில் வெளியே துருத்திக்கொண்டும் இருந்தது. அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லோரும் "வித்தியாசமா இருக்கு" என்று சொன்னார்களாம். எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையாக யாரும் திட்டுவதில்லை. அவனுக்கும் அது தெரியும்.

"டுவெய்னை வரச் சொல்லட்டுமா?" என்று நான் கேட்டேன்.

"நீ சொல்லி அவன் வரவேண்டாம். அவனுக்கா தோணினா வரட்டும்."

சுவராவது பரவாயில்லை. மேற்கூரைப் போர்டைத் தனி ஆளாக ஏற்றமுடியாது. எங்கள் வீட்டுக்காரரே அதற்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போவார். இதை நான் படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினான். ஈஸ்டருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சுக்கு வரவில்லை. நாங்கள் வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் போன் அடித்தது.

"மார்லிஸா? சாப்பிட்டாச்சா?"

"இப்பத்தான் உக்காந்தோம். என்ன விஷயம்?"

"விஷயம் ஒண்ணுமில்ல. அங்க பனி எப்படி?"

"உனக்கும் எனக்கும் ரெண்டு மைல்தான் ரோலண்ட். அங்க கொட்டினதுதான் இங்கயும் கொட்டியிருக்கு."

"ஆமாமா. காத்து வடக்கேர்ந்து அடிக்குது போல." ஏதோ முனகுவது கேட்டது. "ரோடு பரவாயில்லையா?"

"பரவாயில்ல. நீ ஏன் சர்ச்சுக்கு வரல?"

"கொஞ்சம் வேலை. டுவெய்ன் எப்படி இருக்கான்?"

"எதிர்லதான் உக்காந்திருக்காரு. குடுக்கட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம், சாப்பிடட்டும். என்னைக்காவது இந்தப் பக்கம் வர்ற மாதிரி இருந்தா, ரெண்டு பேரும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

"ஏன், ஏதாவது அவசரமா?"

"அவசரம்லாம் இல்ல. மெதுவா சாப்பிட்டுட்டு வாங்க."

மெதுவாகத்தான் சாப்பிட்டோம். கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ். டுவெய்ன் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார். அப்புறம் காப்பி. காப்பியைப் பாதி குடித்தவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மார்லிஸ், உங்கண்ணன் என்னைக்காவது நம்மளை வீட்டுக்கு வான்னு கூப்பிட்டிருக்கானா?"

யோசித்துப் பார்த்தேன். அண்ணி இறந்த அன்றைக்குக்கூட அவன் கூப்பிடவில்லை. கோட்டைப் பாதி மாட்டிக்கொண்டே காருக்கு ஓடினோம்.

நிலவறைப் படியில் இறங்கியதும் கண்ட காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ரோலண்ட் கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் நிற்கிறான். தலையில் கூரைப் போர்டு. ஒரு முனையில் நாலைந்து ஸ்க்ரூ போட்டிருக்கிறான். மறுமுனைக்குக் கொடுத்திருந்த முட்டுக்கட்டை சரிந்து தரையில் கிடக்கிறது. விட்டால் அத்தனையும் பிய்த்துக்கொண்டு முகத்தில் விழும். கழுத்து தோளுக்குள் போயிருந்தது. இரண்டு கையும் மேலே. பேசி முடித்ததும் கைநழுவிய போன் கீழே விழுந்து கிடந்தது.

டுவெய்ன் கடைசிப் படியில் நின்றார்.

"என்ன ரோலண்ட், வேலை நடக்குதா?"

"ஏதோ நடக்குது."

"ஒரு கை பிடிக்கட்டுமா?"

"சே சே. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்க. அழுக்காயிடும்."

"பழைய சட்டைதான். பிடிக்கறேனே."

"வேண்டாம்ப்பா. சாப்பிட்ட வயிறோட எதுக்கு?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அடப்பாவிகளா! ஒருத்தன் தலையில கூரை நிக்குது, நீங்க ரெண்டு பேரும் உபசாரம் பண்ணிக்கிட்டு நிக்கிறீங்களா? டுவெய்ன், போய்ப் பிடி! ரோலண்ட், வாயை மூடு!"

ஒருத்தர் காதிலும் விழவில்லை. டுவெய்ன் தொண்டையைச் செருமிக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார், மறுபடி சைரன் ஊதிவிடுமோ என்று பயந்தவர் மாதிரி.

"நான் சும்மாதானே இருக்கேன் ரோலண்ட். பிடிக்கட்டுமா?"

"உனக்குத் தொந்தரவு இல்லைன்னா சரி" என்றான் என் அண்ணன்.

இரண்டே எட்டில் போய்ப் போர்டைத் தாங்கிக்கொண்டார். நான் நாற்காலி மேல் ஏறி என் பங்குக்குத் தள்ளினேன். டுவெய்ன் ஒரு கையால் ஸ்க்ரூ முடுக்கினார். ரோலண்ட் வாளியிலிருந்து இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்தான். கழுத்து நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடி பேசினான்.

"அன்னைக்கு சர்ச்சுல நீ கேக்கத்தான் வாயைத் திறந்தேன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா, நீயாவே கேட்டிருக்கலாமேடா?"

"நானா எப்படிக் கேக்கறது?"

டுவெய்ன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஸ்க்ரூவை முடுக்கினார். அவரும் இதே ஊர்க்காரர்தானே.

அந்த வாரம் முழுக்க அவர் அங்கேதான் கிடந்தார். ரோலண்ட் செய்த சுவரை விளக்கு வைத்துப் பார்த்தபோது ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பரவாயில்ல, இன்னும் கொஞ்சம் பட்டி கேக்கும்" என்றார். பாதியைப் பிடுங்கிப்போட்டுவிட்டுப் புதிதாக அடித்தார் என்பது வேறு விஷயம். அண்ணன் அருகிலேயே நின்று ஸ்க்ரூ எடுத்துக்கொடுத்தான். சனிக்கிழமை பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்து, காயும் சுவரைப் பார்த்தபடி பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நல்ல சந்தோஷம்.

ஈஸ்டர் அன்று அனிகா வந்தாள். நேராக நிலவறைக்கு இறங்கிச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடவிக்கொண்டே போனாள்.

"இது டுவெய்ன் மாமா வேலை."

"நான் கடைசியில லேசா கை வச்சேன், அவ்வளவுதான்" என்றார் டுவெய்ன்.

"முழுக்க அவன்தான்மா" என்றான் ரோலண்ட்.

சாப்பிட உட்கார்ந்ததும் நான் கூரைக் கதையைச் சொல்லிவிட்டேன். விடுவேனா? போனில் அவன் பனியைப் பற்றிக் கேட்டதையும் நாங்கள் ஹாட்டிஷ் சாப்பிட்டதையும் சொல்லச் சொல்ல, அனிகா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்பா, நீங்களாவா போன் பண்ணீங்க?"

"ஆமா."

"அது போதும்ப்பா எனக்கு." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐஸ்ல விழறது யாருக்கும் நடக்கும். பையில போனை வச்சுக்கிட்டே கூப்பிடாமக் கிடந்தீங்களே, அதை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல. இனிமே கூப்பிடுவீங்கன்னா, நீங்க வீட்டை விக்க வேண்டாம். நானும் அங்க காலி பண்ணிக்கிட்டு அவசரமா வரவேண்டியதில்ல. மாசம் ஒரு தடவை வந்து அந்த ரூம்ல தங்கிட்டுப் போறேன். சரியா?"

"நல்லது. ரொம்ப நல்லது" என்றான் ரோலண்ட். தட்டில் இருந்த பன்றிக்கறியைச் சின்னச் சின்னதாக வெட்டினான். வெட்டிக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

டுவெய்ன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார், சும்மா இரு என்று. வீடு தங்கிவிட்டது. ஊரை விட்டுப் போகவேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியது என்று அனிகா நினைத்ததெல்லாம் கிடைத்துவிட்டது. அவன் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, சாயங்காலம் கார் ஏறிப் போகப்போகிறது.

எங்கள் ஊரில் விடைபெறுவது லேசில் முடியாது. சமையலறையில் ஒரு தரம், வாசலில் ஒரு தரம், படியில் ஒரு தரம், கார் கதவருகே ஒரு தரம். மிச்சமிருந்த கறியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மான் குறுக்கே வரும், பார்த்துப் போ என்று டுவெய்ன் சொன்னார். பெட்ரோல் இருக்கிறதா என்று ரோலண்ட் கேட்டான். இருக்கிறது என்றாள். டயரில் காற்று? இருக்கிறது. அவள் வண்டியைக் கிளப்பினாள். இறக்கியிருந்த கண்ணாடியின் விளிம்பில் ரோலண்டின் கை இருந்தது. எடுக்கவில்லை.

"என்னப்பா?"

"போகாதம்மா."

அவள் அவனையே பார்த்தாள்.

"சமையல்கட்டுல ஒரு ஆள் நடமாடற சத்தம் இல்லாம என்னால முடியல. மாசத்துக்கு ஒரு தடவைலாம் எனக்குப் போதாது. நீ இங்க வந்து என்னோட இரு. நான் கேக்கறேன்."

டுவெய்ன் சட்டென்று காரின் பின்பக்கம் போய், நன்றாக இருந்த டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். நான் நடுவாசலில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

அனிகாவும் அழுதாள், கூடவே அவனை அதட்டினாள். "மூணு மாசமா சுவர் எழுப்பத் தெரிஞ்சுது இல்ல? வாரா வாரம் போன் பண்றேனே, வான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பனியைப் பத்திப் பேசவே நேரம் சரியாப் போயிடுதும்மா" என்றான் என் அண்ணன்.

அவள் இன்ஜினை அணைத்துச் சாவியை அவன் கையில் கொடுத்தாள்.